இலண்டனிலிருந்து பாரிசுக்கு: ஒரு தொலைவும் மூன்று கணக்குகளும்



கணக்காசிரியனாகப் பணி தொடங்கி, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன் நான். முப்பத்தைந்து ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்றிருக்கிறேன். அந்த நெடுங்காலத்தில் எத்தனையோ விடைத்தாள்களைத் திருத்தினேன். அவற்றுள் ஒன்று மட்டும் இன்றும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. அந்த விடைத்தாளிலிருந்தே இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன்.

1986-ஆம் ஆண்டு. ஒரு சிற்றூர் உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குத் தேர்வு வைத்தேன். காலமும் வேகமும் பற்றிய பாடத்தில் ஒரு வினா: “இலண்டன் விமான நிலையத்திற்கும் பாரிஸ் விமான நிலையத்திற்கும் இடையே உள்ள தொலைவு 347 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் இத்தொலைவைக் கடக்க எவ்வளவு நேரமாகும்?” தொலைவை வேகத்தால் வகுத்தால் 26 நிமிடம் வரும். வகுப்பில் அனைவரும் அவ்வாறே எழுதினர். ஒரு மாணவன் மட்டும் “2 மணி 10 நிமிடம்” என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் பெரிய சுழியம் ஒன்று இட்டேன்.

விடைத்தாளைப் பெற்றுக்கொண்ட அவன் தயங்கித் தயங்கி என் மேசையருகே வந்தான். தன் நோட்டுப் புத்தகத்தின் மேலுறையைப் பிரித்துக் காட்டினான். கப்பலில் வேலை பார்த்த அவனுடைய மாமா கொண்டுவந்த பழைய விமானக் கால அட்டவணையின் தாள் அது. “சார், காலை 9 மணிக்கு இலண்டனில் புறப்படுகிறது, 11 மணி 10 நிமிடத்திற்குப் பாரிசில் இறங்குகிறது என்று அச்சில் இருக்கிறதே?” என்றான். எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லும் துணிவும் அன்று எனக்கு இல்லை. “கேட்ட கேள்விக்கு மட்டும் விடை எழுது, தம்பி. போய் உட்கார்” என்றேன். அவன் போய் உட்கார்ந்தான். அதன் பிறகு அவன் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

கணக்கின்படி அவன் எழுதியது பிழை. என் வினாவுக்கு 26 நிமிடமே விடை. ஆனால் அச்சிட்ட தாளும் பொய் சொல்லவில்லை. 2 மணி 10 நிமிடம் என்பது 130 நிமிடம். அதில் 26 நிமிடம் என் கணக்குக்கு உரியது. எஞ்சிய 104 நிமிடம் எங்கே போயிற்று? அன்றே என்னை நான் கேட்டிருக்க வேண்டிய இந்தக் கேள்வியை ஓய்வு பெற்ற பின்புதான் கேட்டேன். நூலகங்களில் தேடிப் படித்தபோது, அந்த நிமிடங்களுக்குள் இருநூறு ஆண்டு வரலாறே அடங்கியிருப்பதைக் கண்டேன். அதை மூன்று கணக்குகளாகப் பிரித்துச் சொல்கிறேன்.

முதலாவது, தொலைவின் கணக்கு. 347 கிலோமீட்டர் என்று வினாத்தாளில் எளிதாக எழுதிவிட்டேன். இலண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே கடல் இருக்கிறது. கடலின் மேல் சங்கிலி பிடித்து அளக்க முடியுமா? அப்படியானால் அந்தத் தொலைவை முதலில் செம்மையாகக் கண்டறிந்தவர் யார்?

1783-ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே அமைதி உடன்படிக்கை ஏற்பட்டது. அமெரிக்க விடுதலைப் போரில் எதிரெதிர் அணிகளில் நின்ற நாடுகள் அவை. அதே ஆண்டில் காசினி தெ துரி என்ற பிரெஞ்சு வானியலறிஞர் இங்கிலாந்து மன்னருக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். கிரீனிச் வானாய்வு நிலையமும் பாரிஸ் வானாய்வு நிலையமும் பூமியின்மேல் ஒன்றுக்கொன்று எங்கே அமைந்துள்ளன என்பதில் ஐயம் இருக்கிறது. இரு நாட்டாரும் சேர்ந்து அளந்து அந்த ஐயத்தைத் தீர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். தம் வானாய்வு நிலையத்தின் இடத்தைப் பிறர் ஐயுறுவதா என்று இங்கிலாந்தில் சிலர் சினந்தனர். எனினும் இராயல் சொசைட்டியின் தலைவராயிருந்த ஜோசப் பாங்க்ஸ் அந்த யோசனையை ஏற்று, வில்லியம் ராய் என்னும் படைப் பொறியாளரிடம் பணியை ஒப்படைத்தார்.

முக்கோணத்தின் ஒரு பக்கமும் அதன் இரு முனைகளிலுள்ள கோணங்களும் தெரிந்தால், மற்ற இரு பக்கங்களையும் கணக்கிட்டு அறியலாம் என்பது நீங்கள் வகுப்பில் படித்த பாடமே. ஆகவே நிலத்தில் ஒரே ஒரு கோட்டைத் துல்லியமாக அளந்துவிட்டால் போதும். அதன்மேல் முக்கோணங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டே கடற்கரை வரை செல்லலாம். கடலுக்கு அப்பாலும் செல்லலாம். கடலின் மேல் நடக்க வேண்டியதில்லை. எதிர்க்கரையில் எரியும் விளக்கைத் தொலைநோக்கியால் கண்டு கோணத்தைக் குறித்தால் போதும்.

அந்த முதற்கோட்டை அளப்பதற்கு ராய் தேர்ந்தெடுத்த இடம் இலண்டனுக்கு மேற்கேயுள்ள ஹவுன்ஸ்லோ ஹீத் என்ற பரந்த வெளி. 1784-ஆம் ஆண்டுக் கோடையில் வேலை தொடங்கியது. முதலில் மரக்கோல்களால் அளந்தார்கள். காற்றின் ஈரத்தை உறிஞ்சி மரம் நீண்டது. வெயிலில் மீண்டும் சுருங்கியது. அளவுகோலே நிலையின்றி மாறினால் அளவை நம்புவது எப்படி? ராய் மரக்கோல்களை ஒதுக்கிவிட்டு, இருபதடி நீளமுள்ள கண்ணாடிக் குழாய்களைச் செய்வித்து மீண்டும் அளந்தார். கோட்டின் நீளம் 27,404 அடி, அஃதாவது ஐந்து மைலுக்குச் சற்று மேல் என்று கண்டார். மன்னர் மூன்றாம் ஜார்ஜே நேரில் வந்து இவ்வேலையைப் பார்வையிட்டார்.

பின்னர் ராம்ஸ்டென் என்ற கருவிவினைஞர் உருவாக்கிய பெரிய கோணமானியைக் கொண்டு, 1787-இல் முக்கோணச் சங்கிலியை டோவர் கரை வரை கொண்டுசென்றனர். பிரான்சிலிருந்து காசினியின் மகனும், மெஷென், லெஜாந்தர் என்ற அறிஞர்களும் வந்து கலந்து பேசினர். இரவில் இக்கரையில் ஏற்றிய விளக்கை அக்கரையினரும், அக்கரையில் ஏற்றிய விளக்கை இக்கரையினரும் குறித்துக்கொண்டனர். நான்கு ஆண்டுகளுக்கு முன்வரை போரிட்ட இரு நாடுகள் கடலின் இருபுறமும் விளக்கேற்றி ஒரே கணக்கைப் போட்டன என்பதை எண்ணிப் பாருங்கள். ராய் 1790-இல் காலமானார். இப்பணி பற்றிய தம் கட்டுரையின் அச்சுப் படிகளைத் திருத்திக்கொண்டிருந்த நாள்களிலேயே அவர் உயிர் பிரிந்தது.

ஹவுன்ஸ்லோ வெளியில் அவர் அளந்த கோட்டின் இரு முனைகளிலும் அடையாளமாகப் பீரங்கிக் குழல்களை 1791-இல் புதைத்தனர். அவற்றுள் ஒன்று இன்று ஹீத்ரோ விமான நிலையத்தின் வடக்கு எல்லைச் சாலையோரம் நிற்கிறது. தொலைவை அளக்கத் தொடங்கிய இடத்திலேயே, அத்தொலைவைப் பறந்து கடக்கும் விமானங்களின் நிலையம் அமைந்தது. இது முற்றிலும் தற்செயலன்று. நில அளவைக்கும் சமவெளி வேண்டும். விமானம் ஓடி எழுவதற்கும் சமவெளி வேண்டும்.

நம் நாட்டிலும் இதற்கு இணையான ஒன்று உண்டு. வில்லியம் லாம்டன் இந்தியப் பெருநில அளவைக்கான முதற்கோட்டை 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சென்னைக்கருகே பரங்கிமலையிலிருந்து அளக்கத் தொடங்கினார். கோட்டின் நீளம் ஏறத்தாழ ஏழரை மைல். ராய் கையாண்ட முக்கோண முறையே இங்கும் கையாளப்பட்டது. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அவருடைய கோணமானியை ஏற்றும்போது அது மோதிச் சிதைந்ததையும், அவர் அயராமல் அதைச் சீர்செய்ததையும் நில அளவை வரலாற்றில் படிக்கலாம். இன்று பரங்கிமலை மேல் ஏறி நின்றால் கீழே தெரிவது மீனம்பாக்கம் விமான நிலையம். நிலத்தின் இயல்பு இலண்டனிலும் சென்னையிலும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறது.

இரண்டாவது, கடிகாரத்தின் கணக்கு. அந்த மாணவன் கண்ட 130 நிமிடத்தில் சரியாக 60 நிமிடம் பயண நேரமே அன்று. அட்டவணையில் புறப்படும் நேரம் இலண்டன் கடிகாரப்படியும், இறங்கும் நேரம் பாரிஸ் கடிகாரப்படியும் அச்சிடப்படுகின்றன. இலண்டனில் 9 மணி என்றால் பாரிசில் 10 மணி. ஆகவே 9 மணிக்குப் புறப்பட்டு 11 மணி 10 நிமிடத்திற்கு இறங்கும் விமானம் உண்மையில் எடுத்துக்கொள்வது 1 மணி 10 நிமிடமே.

இந்த ஒரு மணி வேற்றுமை எங்கிருந்து வந்தது? சூரியனைக் கேட்டால் அது ஒரு மணி என்று சொல்லாது. பூமி 24 மணியில் 360 பாகை சுழல்கிறது. ஒரு மணிக்கு 15 பாகை. பாரிஸ் வானாய்வு நிலையம் கிரீனிச்சுக்குக் கிழக்கே ஏறத்தாழ 2 பாகை 20 கலைத் தொலைவில் உள்ளது. கணக்கிட்டுப் பாருங்கள்: 9 நிமிடமும் சில வினாடிகளும்தான் வரும். உண்மையில் பழைய பாரிஸ் நேரம் கிரீனிச் நேரத்தைவிட 9 நிமிடம் 21 வினாடி முந்தியிருந்தது. உலகம் கிரீனிச்சை ஏற்ற பிறகும் பிரான்சு நெடுநாள் தன் நேரத்தை விட்டுக்கொடுக்கவில்லை. 1911-இல் சட்டம் இயற்றியபோதும், பிரான்சின் நேரம் என்பது பாரிஸ் நேரத்திலிருந்து 9 நிமிடம் 21 வினாடி குறைத்தது என்றே எழுதிக்கொண்டது. கிரீனிச் என்ற சொல் அதில் இடம் பெறவில்லை! ஆனால் கடிகாரங்கள் ஒன்றாயின. இலண்டனில் 9 மணி என்றால் பாரிசிலும் 9 மணி.

அந்த ஒற்றுமையைப் போர் குலைத்தது. 1940-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜெர்மானியப் படை பாரிசுக்குள் நுழைந்தது. நுழைந்ததும் நகரின் கடிகாரங்களை பெர்லின் நேரத்திற்கு மாற்றியது. போர் முடிந்து விடுதலை கிடைத்த பின்னும் பிரான்சு பழைய நேரத்திற்குத் திரும்பவில்லை. கிழக்கிலுள்ள அண்டை நாடுகளின் நேரத்தோடு நின்றுவிட்டது. 1968-ஆம் ஆண்டு இறுதியிலிருந்து 1971-ஆம் ஆண்டு அக்டோபர் வரை, பிரிட்டன் சோதனையாகத் தன் கடிகாரத்தை ஆண்டு முழுவதும் ஒரு மணி முன்னே வைத்திருந்தது. அந்த மூன்றாண்டுகள் இரு நகரங்களின் கடிகாரங்களும் ஒத்திருந்தன. பின்பு மீண்டும் பிரிந்தன. என் மாணவன் படித்த அட்டவணையில் சத்தமின்றி உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி, ஒரு படையெடுப்பின் வடு என்பது அவனுக்கும் தெரியாது; எனக்கும் தெரியாது.

ஆக, 130-இல் 60 போயிற்று, எஞ்சியது 70. அதில் 26 நிமிடம் என் வகுத்தல் கணக்கு. மீதி 44 நிமிடம் யாருடையது? இதுவே மூன்றாவது கணக்கு. இதை எச்சரிக்கையின் கணக்கு என்று அழைக்கலாம். இந்த 44 நிமிடத்தை விளக்க, பயணத்தின் தொடக்க காலத்திற்கு உங்களை அழைத்துச் செல்ல வேண்டும்.

1909-ஆம் ஆண்டு ஜூலை 25 அன்று லூயி பிளேரியோ என்ற பிரெஞ்சுக்காரர், கலே நகருக்கருகிலிருந்து டோவர் வரை ஆங்கிலக் கால்வாயை முதன்முதலாக விமானத்தில் கடந்தார். ஏறத்தாழ 36 நிமிடப் பயணம் அது. திசைகாட்டிகூட அவரிடம் இல்லை. சரியாகப் பத்தாண்டும் ஒரு மாதமும் கழித்து, 1919-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25 அன்று, ராய் அளந்த அதே ஹவுன்ஸ்லோ வெளியிலிருந்து பாரிசின் லெ பூர்ஜே நிலையத்திற்கு நாள்தோறும் பறக்கும் பன்னாட்டு விமானப் போக்குவரத்து தொடங்கியது. அன்று காலை லாஃபோர்டு என்ற விமானி ஓட்டிச்சென்ற சிறு விமானத்தில் ஒரே ஒரு பயணி இருந்தார். உடன் சென்றவை செய்தித்தாள்கள், பதனிட்ட தோல், டெவன்ஷயர் பாலாடை, சில காட்டுக்கோழிகள். போர்க்காலத்தில் குண்டு வீசுவதற்காக அமைக்கப்பட்ட விமான வகையை மாற்றி அமைத்தது அது. பயண நேரம் இரண்டரை மணி.

அக்கால விமானிகள் நேர்கோட்டில் பறக்கவில்லை. இலண்டனிலிருந்து பாரிசுக்கு நேர்கோடு இட்டால், கடலின் மேல் நூறு கிலோமீட்டருக்கு மேல் பறக்க நேரிடும். அந்நாளைய எஞ்சின்கள் எந்த நேரத்திலும் நின்றுவிடக்கூடும். ஆகவே கென்ட் மாவட்டத்தின் இருப்புப் பாதையைக் கீழே பார்த்துக்கொண்டே தென்கிழக்கே சென்று, கடல் குறுகிய இடத்தில் கடந்து, பிரான்சில் அப்வீல், போவே ஊர்களின் வழியாகச் சாலையைத் தொடர்ந்து பாரிசை அடைந்தனர். மேகம் தாழ்ந்தால் அவர்களும் தாழ்ந்து பறந்தனர். கீழே தெரிந்த சாலையும் தண்டவாளமுமே அவர்களுக்கு வழிகாட்டி.

அந்தச் சாலையே ஒரு நாள் எமனாயிற்று. 1922-ஆம் ஆண்டு ஏப்ரல் 7 அன்று, இலண்டன் குராய்டனிலிருந்து அஞ்சல் ஏற்றிக்கொண்டு ஒரு விமானம் பாரிசை நோக்கி வந்தது. அதில் விமானியும் பணியாள் சிறுவன் ஒருவனும் இருந்தனர். பாரிசிலிருந்து இலண்டனை நோக்கி மூன்று பயணிகளோடும் விமானி, எந்திர வினைஞர் ஆகிய இருவரோடும் மற்றொரு விமானம் புறப்பட்டது. மூடுபனி. இரண்டும் ஒரே சாலையைப் பார்த்துக்கொண்டு தாழப் பறந்தன. வடபிரான்சில் தியலுவா சேன் அந்துவான் என்ற சிற்றூரின் மேல் நேருக்கு நேர் மோதின. எழுவரும் மாண்டனர். காலமுறைப்படி பறந்த பயணி விமானங்கள் வானில் மோதிக்கொண்டது அதுவே முதல் முறை. இவ்வளவு அகன்ற வானத்தில் இரண்டே விமானங்கள் மோத முடியுமா என்று கேட்கத் தோன்றும். வானம் அகன்றதுதான், ஆனால் இருவரும் பின்பற்றிய சாலை ஒன்றாயிற்றே.

அதற்குப் பின் குராய்டனில் கூட்டம் கூடியது. பயணி விமானங்களில் வானொலிக் கருவி வேண்டும், வழிகளை வகுக்க வேண்டும், எதிரெதிரே வருவோர் தத்தம் வலப்புறமாக விலகிப் பறக்க வேண்டும் என்று முடிவு செய்தனர். குராய்டன், புல்ஹம், லிம்ப் என்ற மூன்று தரை நிலையங்கள், விமானி பேசும் வானொலி ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்று குறித்து, கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தைக் கொண்டு விமானம் எங்கே இருக்கிறது என்று சொல்லின. ராய் வரைந்த முக்கோணம் மீண்டும் வந்ததைப் பார்த்தீர்களா? நிலத்தை அளந்த முக்கோணம் இப்போது உயிரைக் காத்தது.

1923-இல் குராய்டன் வானொலி அதிகாரியான மாக்ஃபோர்டு என்பவரிடம், ஆபத்தில் இருக்கும் விமானி கூவுவதற்கு எளிய சொல்லொன்று கேட்டனர். அங்கே வந்துபோன விமானங்களில் பெரும்பாலானவை பாரிசுக்கும் குராய்டனுக்கும் இடையே பறந்தவை. ஆகவே, “எனக்கு உதவுங்கள்” என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் ஒலியையொட்டி “மேடே” என்ற சொல்லை அவர் அமைத்தார். 1927-இல் பன்னாட்டு வானொலி உடன்படிக்கை அதை ஏற்றது. இன்று உலகின் எந்த மூலையிலும் துன்புறும் விமானி கூவும் சொல், இந்த 347 கிலோமீட்டர் வழியில் பிறந்த சொல்.

விமானங்களின் வேகம் வளர்ந்தது. 1931-இல் நான்கு எஞ்சின் பூட்டிய பெரிய இருதட்டு இறக்கை விமானங்கள் மணிக்கு நூறு மைல் வேகத்தில், உணவு பரிமாறிக்கொண்டே இவ்வழியில் பறந்தன. 1950-ஆம் ஆண்டு ஜூலை 29 அன்று, சுழலி எஞ்சின் பூட்டிய வைகவுண்ட் விமானம் இலண்டன் நார்தால்ட்டிலிருந்து லெ பூர்ஜே வரை பயணிகளை ஏற்றிச் சென்றது. எடுத்துக்கொண்ட நேரம் ஏறத்தாழ 57 நிமிடம். சுழலி எஞ்சின் விமானம் உலகில் முதன்முதலாகப் பயணிகளுக்கான காலமுறைப் பணியில் பறந்தது இவ்வழியிலேதான். அடுத்து ஜெட் விமானங்கள் வந்தன. 1974-இல் பாரிசில் சார்ல் தெ கோல் விமான நிலையம் திறக்கப்பட்டது. என் வினாத்தாளில் இருந்த 347 கிலோமீட்டர் ஹீத்ரோவிலிருந்து இந்நிலையம் வரையுள்ள வான்வழித் தொலைவே.

ஜெட் வந்த பின் பயண நேரம் 26 நிமிடமாகக் குறைந்திருக்க வேண்டுமல்லவா? குறையவில்லை. இன்றைய அட்டவணைகளில் ஒரு மணிக்கு மேல்தான் குறிக்கிறார்கள். விமானம் நிலையத்தின் வாயிலிலிருந்து நகரும் கணத்திலிருந்து, எதிர்நிலையத்தின் வாயிலில் நிற்கும் கணம் வரை எண்ணப்படுவதே அட்டவணை நேரம். இதற்குள் என்னென்ன அடங்கும்? ஓடுபாதை வரை ஊர்ந்து செல்ல வேண்டும். ஹீத்ரோவில் இருப்பவை இரண்டே ஓடுபாதைகள். வரிசையில் நிற்க வேண்டும். முன்னே சென்ற பெரிய விமானம் கிளப்பிய காற்றுச் சுழல் அடங்கும் வரை காத்திருக்க வேண்டும். எழுந்த பின்னும் பத்தாயிரம் அடி உயரத்திற்குக் கீழே பொதுவாக மணிக்கு 460 கிலோமீட்டர் அளவுக்கே வேகம் அனுமதிக்கப்படுகிறது. வகுத்த வழியில் வளைந்து ஏற வேண்டும். உரிய உயரம் எட்டிச் சிறிது நேரத்திற்குள் மீண்டும் இறங்கத் தொடங்க வேண்டும். மணிக்கு 800 கிலோமீட்டர் என்ற முழு வேகத்தில் பறப்பது நடுவில் சில நிமிடங்களே.

என் வினாத்தாளிலுள்ள விமானம், வாயிலிலிருந்தே முழுவேகத்தில் பாய்ந்து, எதிரே யாருமில்லாத வானத்தில் நேர்கோட்டில் சென்று, எதிர் வாயிலில் மோதாமல் நிற்கும் விமானம். அப்படி ஒரு விமானம் இல்லை. இருந்தால் அதில் நான் ஏற மாட்டேன். அந்த 44 நிமிடம் வீணான நேரமன்று. மூடுபனியில் மாண்ட அந்த எழுவரிடமிருந்தும், அவர்களுக்குப் பின் மாண்ட பலரிடமிருந்தும் உலகம் கற்ற பாடங்களின் நீளம் அது.

இன்னும் ஒரு திருப்பம் உண்டு. 1994-இல் ஆங்கிலக் கால்வாயின் அடியில் சுரங்க இரயில் பாதை திறக்கப்பட்டது. சுரங்கத்தின் நீளம் 50 கிலோமீட்டருக்குச் சற்று மேல்; அதில் 38 கிலோமீட்டர் கடலுக்கு அடியில் செல்கிறது. தொடக்கத்தில் இலண்டனிலிருந்து பாரிசுக்கு இரயிலில் ஏறத்தாழ மூன்று மணி நேரமாயிற்று. 2007-இல் இங்கிலாந்துப் பகுதியிலும் விரைவுப் பாதை முழுதும் முடிந்தபோது, அது இரண்டேகால் மணியாகக் குறைந்தது. இருப்புப் பாதையின் நீளம் 492 கிலோமீட்டர். வானத்தைவிட 145 கிலோமீட்டர் மிகுதி. வேகமும் விமானத்தினும் குறைவு. ஆயினும் இரயில் ஊர் நடுவில் புறப்பட்டு ஊர் நடுவில் நிற்கிறது. விமானத்தில் செல்வோர் நகரத்திலிருந்து நிலையத்திற்குச் செல்லும் நேரத்தையும், அங்கே சோதனைக்கு நிற்கும் நேரத்தையும், இறங்கி மீண்டும் நகருக்குள் வரும் நேரத்தையும் கூட்டிப் பார்த்தால், நீண்ட வழியே பலருக்குக் குறுகிய வழியாகிறது. வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை எண்ணினால்தான் பயணியின் கணக்கு முடியும்.

நண்பர்களே, வகுத்தல் தேவையில்லை என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். 26 நிமிடம் என்ற அந்த விடை இல்லாவிட்டால், மீதி 104 நிமிடம் எங்கே என்ற கேள்வியே எழுந்திருக்காது. தேர்வில் கேட்டதற்கு விடை எழுதுங்கள்; மதிப்பெண் பெறுங்கள். ஆனால் புத்தகத்தின் விடையும் உலகின் விடையும் ஒத்துப்போகாத இடத்தைக் கண்டால், அங்கே சற்று நில்லுங்கள். இரண்டில் ஒன்று பொய் என்று அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். இரண்டும் மெய்யாக இருக்கலாம். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டில் ஒரு வரலாறு ஒளிந்திருக்கலாம்.

அந்த மாணவன் அந்த இடத்தைக் கண்டான். நோட்டுப் புத்தகத்தின் மேலுறையிலிருந்தே கண்டான். அவன் எழுதிய விடைக்கு மதிப்பெண் இல்லை என்பதை இன்றும் மாற்ற முடியாது. ஆனால் அவன் கேட்ட கேள்விக்கு நான் முழு மதிப்பெண் அளித்திருக்க வேண்டும். “தெரியவில்லை, தம்பி, இருவரும் தேடிப் பார்ப்போம்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவன் தொடர்ந்து கேட்டிருப்பான். நானும் முப்பது ஆண்டுகள் முன்பே கற்றிருப்பேன். அவன் எங்கிருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. எங்கேனும் இருந்து இந்தப் பேச்சைக் கேட்பானாயின், என் பதிலில் ஏற்பட்ட காலதாமதத்தைப் பொறுத்துக்கொள்வானாக.

உங்களுள் ஆசிரியராகப் போகிறவர்களுக்கு ஒரு சொல். மாணவன் கொண்டுவரும் கிழிந்த தாளையும் பிரித்துப் பாருங்கள். உங்களுள் எவர் கையிலேனும் ஒரு விமானக் கால அட்டவணை கிடைத்தால் இன்றிரவே உட்கார்ந்து பாருங்கள். புறப்படும் நேரம் எந்த ஊர்க் கடிகாரம்? இறங்கும் நேரம் எந்த ஊர்க் கடிகாரம்? இடையிலுள்ள தொலைவு எவ்வளவு? மூன்றையும் எழுதிக் கழித்துப் பாருங்கள். எஞ்சும் நிமிடங்களைக் கண்டு, ஏன் என்று கேளுங்கள். உங்கள் ஆசிரியரிடமே கேளுங்கள்.